விழாமல் நிற்கும் டிராப் டார்கெட்: பழைய பின்பால் மெஷினில் கைவைக்கும் முறை

பின்பால் ஆட்டப்பலகையில் நிமிர்ந்து நின்று, பந்து மோதினால் பலகைக்குள் கீழே விழவேண்டிய இலக்குதான் டிராப் டார்கெட். பந்து பலமாக மோதியும் டார்கெட் விழாமல் நிற்கிறதா? எண்ணெய் ஸ்பிரேயைத் தொடாதீர்கள். ஸ்பிரே அடித்தவுடன் டார்கெட் வழுக்கிக்கொண்டு ஓடும். சில வாரங்களில் ரப்பர் தூளும் மெழுகும் அந்த எண்ணெயில் ஒட்டிக் கறுப்புப் பசையாகிவிடும். பழைய மெஷின்களில் டார்கெட் சிக்குவதற்குப் பெரும்பாலும் யாரோ முன்பு போட்ட எண்ணெய்தான் காரணம்.

இயக்கம் எளிமையானது. டார்கெட்டில் உள்ள சிறு படி ஓர் உலோகத் தகட்டின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். பந்து மோதினால் டார்கெட் பின்னால் நகர்ந்து, படி விளிம்பைவிட்டு நழுவ, ஸ்பிரிங் அதைக் கீழே இழுக்கும். வரிசை முழுதும் விழுந்ததும் ரீசெட் காயில் (மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் கம்பிச்சுருள்) ஒரு சட்டத்தை உயர்த்தி எல்லாவற்றையும் மேலே ஏற்றும்.

மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் பொறுங்கள். பந்துகளை வெளியே எடுத்த பிறகே ஆட்டப்பலகையைத் தூக்கி முட்டுக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டார்கெட்டின் தலையையும் விரலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். படி நழுவவே மறுத்தால் தகட்டு விளிம்பில் பிசிர் இருக்கும், அல்லது படியில் பள்ளம் விழுந்திருக்கும். பாதியில் நின்றால் அழுக்கு, அல்லது பலகைத் துளையின் ஓரத்தில் உரசல். விரலுக்கு விழுந்து, பலத்த அடிக்கு மட்டும் நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பின்னால் இருக்கவேண்டிய ஸ்பாஞ்சுத் துண்டு உதிர்ந்திருக்கும். டார்கெட் பின்சுவரில் மோதி, ஸ்பிரிங் இழுப்பதற்குள் திரும்பிவர, அதன் படி மறுபடி விளிம்பில் ஏறிக்கொள்கிறது. இதைப் பலரும் அழுக்கு என்றே நினைத்து மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

கழற்றுமுன் கைபேசியில் படம் எடுங்கள். அமெரிக்க மெஷின்களுக்குக் கால் அங்குலம், 5/16, 11/32 அங்குல நட் டிரைவர்கள் வேண்டும். மில்லிமீட்டர் அளவில் உள்ளவை ஏறக்குறையப் பொருந்துவதுபோல் தெரியும், ஆனால் ஸ்குரூத் தலையைத் தின்றுவிடும். ஒயரில் கனெக்டர் இல்லையென்றால், அடையாளச் சீட்டு ஒட்டிவிட்டு ஈயப்பற்றை எடுங்கள். காயிலில் டயோடு இருந்தால் ஒயர்களை மாற்றிப் பற்றவைக்காதீர்கள். காயிலை ஓட்டும் டிரான்சிஸ்டர் போய்விடும்.

பிளாஸ்டிக் டார்கெட்டைச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பல்துலக்கும் பிரஷால் தேய்த்து நன்றாக உலர்த்துங்கள். முகப்பில் அச்சிட்ட படம் இருந்தால் அங்கே ஆல்கஹால் படக்கூடாது, படம் கரையும். உலோகச் சட்டத்தை மட்டும் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். விளிம்பில் பிசிர் இருந்தால் 600 எண் உப்புத்தாளால் இரண்டு மூன்று தடவை லேசாக இழுத்தால் போதும். விளிம்பின் கூர்முனையைத் தேய்த்து மழுக்கிவிட்டால் டார்கெட் நிற்காமல் தானாக விழ ஆரம்பிக்கும், அதற்கு மருந்து புதிய தகடுதான். படி தேய்ந்த டார்கெட்டை அரத்தால் சீவிக் காப்பாற்ற முயலாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

ஸ்பிரிங்குகளை ஒன்றொன்றாக இல்லாமல் வரிசைக்கே மொத்தமாக மாற்றுவது நல்லது. சிங்கப்பூர் ஈரப்பதத்தில், ஏர்கான் இல்லாத வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அறையில் அவை சீக்கிரம் துருப்பிடிக்கும். குறடால் இழுத்து மாட்டினால் புதியதும் கெடும். சிறு கொக்கியைப் பயன்படுத்துங்கள். ரீசெட் காயிலின் உள்ளே இருக்கும் நைலான் குழாயான ஸ்லீவையும் மாற்றிவிடுங்கள். உலர்ந்த பிளஞ்சர் (காயிலுக்குள் ஓடும் இரும்புத் தண்டு) தன் எடையாலேயே அதில் வழுக்கி இறங்கவேண்டும். சூட்டில் வீங்கிய காயிலிலிருந்து ஸ்லீவ் வெளியே வராது. அப்போது காயிலே புதிது வேண்டும்.

டார்கெட் விழுந்தும் புள்ளி ஏறாவிட்டால் சுவிட்சைப் பாருங்கள். தங்கப்பூச்சு முனைகளை அரத்தால் தேய்க்கவே கூடாது. ஆல்கஹாலில் நனைத்த விசிட்டிங் கார்டை இரு முனைகளுக்கும் நடுவே வைத்து இழுத்தால் போதும். ஓய்வில் இடைவெளி சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்.

திரும்பப் பொருத்தும்போது ஸ்குரூக்களை முழுதும் இறுக்காமல், எல்லா டார்கெட்டும் துளையின் ஓரத்தைத் தொடாத நிலையைக் கண்டுபிடித்துவிட்டு இறுக்குங்கள். பலகையின் ஸ்குரூ துளை பெரிதாகியிருந்தால், சாத்தே குச்சித் துண்டுகளில் மரப்பசை தடவிச் செருகி, ஒரு நாள் காயவிட்டு மறுபடி திருகலாம்.

ரீசெட் பலமில்லாமல் இருந்தால் மின்னழுத்தத்தையும் சந்தேகியுங்கள். இங்கே சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் 115 வோல்ட்டுக்கு அமைந்திருக்கும். இடையில் இருக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் சிறியதாக இருந்தால், காயில் இழுக்கும் நேரத்தில் வோல்ட் சரியும். மல்டிமீட்டரில் அந்தக் கணத்தைக் கவனியுங்கள். மல்டிமீட்டரும் மாற்று பியூசும் சிம் லிம் டவரின் மின்னணுச் சாமான் கடைகளில் பார்க்கலாம். பியூஸ் அடிக்கடி எரிந்தால் பெரியதாகப் போட்டுச் சமாளிக்காதீர்கள், காயில் கருகும்.

மைக்ரோபிராசசர் மெஷின் என்றால் காசுக் கதவுக்குள் இருக்கும் பொத்தானால் சோதனை நிலைக்குப் போய் ரீசெட் காயிலையும் சுவிட்சுகளையும் தனித்தனியே பாருங்கள். பிறகு கண்ணாடியைப் போடாமலே பந்தைக் கையால் உருட்டி, நேராகவும் சாய்வாகவும் ஒவ்வொரு டார்கெட்டையும் அடியுங்கள். பத்துப் பதினைந்து ஆட்டம் ஆனபின் சட்டத்தின் ஸ்குரூக்களை மறுபடி இறுக்குங்கள். காயிலின் அதிர்வில் அவை தளர்ந்திருக்கும்.