நெட் இல்லாத விண்டோஸ் 7-க்கு அப்டேட் போடும்போது தவிர்க்க வேண்டியவை

சர்வீஸுக்குப் புதிதாக வரும் பையன்கள், ஒரு காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்தை அச்சு பிசகாமல் அடிக்கிறார்கள். பேக்கப் எடு, பென்டிரைவை ஸ்கேன் பண்ணு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

வரிசை பார்க்காமல் போடுவது

அப்டேட்களை டவுன்லோட் செய்யும் தளமான மைக்ரோசாஃப்ட் கேட்டலாக்கில் கண்ணில் பட்ட எம்எஸ்யு (அப்டேட்) ஃபைல்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் ஒவ்வொன்றாக டபுள் கிளிக் செய்வார்கள். ஒன்று ‘இந்தக் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது’ என்று சொல்லும், இன்னொன்று 80092004 என்று ஓர் எண்ணைக் காட்டிவிட்டு நிற்கும். உடனே தீர்ப்பு: “சார், ஓஎஸ் கரப்ட், ஃபார்மட் போட்டுடலாம்.” எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். சிஸ்டத்தில் ஒரு கோளாறும் இருக்காது. 2019 ஆகஸ்டிலிருந்து விண்டோஸ் 7-க்கான அப்டேட்கள் ஷா-2 என்ற டிஜிட்டல் கையொப்பத்தோடு (ஃபைல் அசல்தான் என்று காட்டும் முத்திரை) மட்டுமே வந்தன. அதைச் சரிபார்க்கப் பழைய சிஸ்டத்துக்குத் தெரியாது, அதற்கென்று உள்ள இரண்டு ஃபைல்களை முதலில் போட்டாக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு அரிசி ஆலையின் எடைமேடை சிஸ்டம் இப்படித்தான் ஃபார்மட் ஆனது. எடை காட்டும் பெட்டியிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எண்ணை வாங்கி ரசீது அடிக்கும் சாஃப்ட்வேர் அதில் இருந்தது. சிடி எங்கே என்று ஓனருக்குத் தெரியாது, எழுதிக் கொடுத்தவரோ தொழிலையே விட்டுவிட்டார். டி டிரைவில் டேட்டா பத்திரமாகத்தான் இருந்தது, திறக்கத்தான் வழியில்லை. வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்க, கார்பன் தாள் வைத்து ரசீது எழுதிக்கொண்டிருந்தார்கள். இத்தனையும் அந்த இரண்டு ஃபைலுக்காக!

சரியான வரிசை இதுதான் (கேபி என்பது ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மைக்ரோசாஃப்ட் கொடுக்கும் எண்): முதலில் சர்வீஸ் பேக் 1 என்ற பெரிய தொகுப்பு. அப்புறம் கேபி3020369, அதன் மேல் கேபி3125574. 2016 ஏப்ரல் வரை வந்தவற்றில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலேயே அடங்கிவிடும், அள்ளிக்கொண்டு போகும் மூட்டையில் பாதி இதனாலேயே தேவைப்படாது. பிறகு நான் சொன்ன இரண்டு: கேபி4490628, ரீஸ்டார்ட், கேபி4474419, மறுபடி ரீஸ்டார்ட். கடைசியாக 2020 ஜனவரி மாதத் தொகுப்பு, கேபி4534310. ஃபைல் பெயருக்கு முன்னால் 1, 2, 3 என்று எண் போட்டே எடுத்துப் போங்கள்.

32 பிட்டா 64 பிட்டா என்று கேட்காமல் கிளம்புவது

இரண்டுக்கும் ஃபைல் வேறு வேறு. போன் போட்டுக் கேளுங்கள்.

அப்டேட் ஃபைல் ‘சர்ச்சிங்’ என்று நின்றால் பவரைப் பிடுங்குவது

விண்டோஸ் அப்டேட் சர்வீஸை நிறுத்திவிட்டு ஃபைலை மறுபடி திறந்தால் பெரும்பாலும் நகர்ந்துவிடும்.

நெட்தான் இல்லையே என்று அப்டேட்டையே விடுவது

2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் கிளம்பியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் வெளியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது லேன் வழியாகவே சிஸ்டம் விட்டு சிஸ்டம் தாவும். அக்கவுன்ட்ஸ் ரூமில் ஒரே ஒரு சிஸ்டத்துக்கு நெட் இருந்து, மற்றவை அதோடு கேபிளில் இணைந்திருந்தால் போதும். லேனும் இல்லையா? கான்ஃபிக்கர் வைரஸ் 2008-லேயே வந்தது, பென்டிரைவிலும் பரவியது.

தேதியைப் பார்க்காதது

மதர்போர்டில் தேதியைக் காக்கும் சிமாஸ் பேட்டரி செத்து, வருடம் 2009 என்று காட்டினால் கையொப்பச் சரிபார்ப்பு இடறலாம். அந்தப் பேட்டரி, சிஆர்2032, ஒன்று பையில் இருக்கட்டும்.

புது குரோம் கொண்டுபோவது

விண்டோஸ் 7-க்கு 109-ஆம் பதிப்புதான் கடைசி. ஃபயர்ஃபாக்ஸ் என்றால் 115 இஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு).