மெல்போர்னில் வீடு விற்கிறீர்களா? தாமத வட்டியைக் கேட்டு வாங்குங்கள்

விக்டோரியா மாநிலத்தின் வழக்கமான விற்பனை ஒப்பந்தப்படி, வாங்குபவர் செட்டில்மென்ட் நாளில் (மீதிப் பணத்தைக் கட்டி வீடு கைமாறும் நாள்) பணம் கட்டத் தவறினால் பாக்கித் தொகைக்கு அபராத வட்டி உண்டு. அரசு நிர்ணயித்த ஆண்டு விகிதம் (2017 முதல் 10 சதவீதம்), அதற்கு மேல் 2 சதவீதம். பாக்கி 7,30,000 டாலர் என்றால் ஒரு நாளைக்கு 240 டாலர். மூன்று நாள் இழுத்தால் 720! விட்டுக்கொடுக்கிற தொகையா இது?

ஆனால் அது தானாக வந்து சேராது, கேட்க வேண்டும். புதிய தேதி குறிக்கும்போதே, செட்டில்மென்ட் கணக்குத் தாளில் வட்டியைச் சேர்க்கும்படி உங்கள் கன்வேயன்சரிடம் (வீட்டு விற்பனையின் சட்ட வேலைகளைப் பார்ப்பவர்) எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஒப்பந்தத்தின் சிறப்பு நிபந்தனைகள் இந்த விகிதத்தை மாற்றியிருக்கலாம், கையெழுத்துக்கு முன்பே அதைப் பாருங்கள்.

தாமதம் உங்கள் பக்கம் என்றாலும் செலவுதான். சாமான் ஏற்றிய லாரியோடு வாசலில் நிற்கும் வாங்குபவர் லாரி வாடகை, தங்கும் செலவு என்று நஷ்டஈடு கேட்கலாம். பெரும்பாலும் சிக்குவது வங்கியின் அடமான விடுவிப்பில்தான். வீடு விற்ற வாரமே அதற்கான படிவத்தை வங்கியில் கொடுத்துவிடுங்கள். கடனில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் ஊருக்குப் போகிறார் என்றால் அதற்கு முன்பே கையெழுத்து வாங்கி வையுங்கள்.