கோழி அடைப்புக்கு அடியில் குழி பறித்து வருவதைத் தடுக்க

கோழி அடைப்பின் கம்பி வலையை மண்ணுக்குள் ஆழமாகப் புதைக்க வேண்டாம். அடிப்பக்கத்தை ஒன்றரை அடி அகலத்துக்கு வெளிப்புறமாக மடக்கி, தரையோடு படியவைத்து, மேலே கல்லோ உடைந்த ஓடோ பாரமாக வையுங்கள், போதும். நாயும் கீரியும் வேலியை ஒட்டித்தான் பறிக்கத் தொடங்கும். காலில் கம்பி தட்டினால், பின்னால் தள்ளிப் போய்த் தோண்டப் பெரும்பாலும் அவற்றுக்குத் தோன்றாது. புல் முளைத்து வேர் பின்னிக்கொண்டால் வலை இன்னும் இறுகிவிடும். குழி வெட்டும் கூலியும் மிச்சம்.

பெருச்சாளித் தொல்லை உள்ள இடத்தில் இதை நம்பாதீர்கள். அது தூரத்திலிருந்தே வளை போட்டு அடியில் வந்துவிடும். அங்கே சிமெண்டுத் தளம்தான் சரி. அப்புறம், வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் எலியும் சின்னப் பாம்பும் தோண்டாமலே நுழைந்துவிடும்.