தரங்கம்பாடியை நடந்தே பாக்குறது எப்படி?

தரங்கம்பாடிக்கு போறவங்க நிறைய பேரு நேரா கோட்டைக்கு ஓடி நாலு போட்டோ எடுத்துட்டு கிளம்பிடுறாங்க, பாக்கவே மனசு கேக்க மாட்டேங்குது. இது கடல் வியாபாரத்தால வளர்ந்த ஊரு, அதனால வண்டியை ஊர் வாசல்லயே விட்டுட்டு கடல் வரைக்கும் நடங்க.

அந்த வாசல் 1792ல கட்டினது. அப்ப இந்த ஊரு டென்மார்க் நாட்டு டேனிஷ்காரங்க கையில இருந்துச்சு, அதனால மேல டென்மார்க் ராஜாவோட முத்திரை இருக்கும், அண்ணாந்து பாத்துட்டு உள்ள போங்க.

ராஜ வீதியில புதிய எருசலேம் ஆலயம் வரும், இங்க அவசரப்படாதீங்க. 1706ல வந்து இறங்கின ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, சின்னப் பசங்களோட உக்காந்து மணல்ல எழுதி தமிழ் கத்துக்கிட்டவரு, 1715ல பைபிளோட புதிய ஏற்பாட்டை தமிழ்லயே அச்சடிச்சு முடிச்சாரு, இந்திய மொழிகள்லயே அதுதான் முதல். 1718ல இந்த ஆலயம் திறந்தாங்க, மறு வருஷமே இறந்துட்டாரு, கல்லறை உள்ளயேதான் இருக்கு.

அடுத்து கோட்டை. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி மிளகு வியாபாரத்துக்காக டேனிஷ்காரங்க கட்டினது. நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு தங்கத் தகட்டுல தமிழ்ல எழுதி அனுப்பின கடிதம் இன்னும் அந்த நாட்டுல பத்திரமா இருக்கு. கீழ இருக்குற அறைகளை முதல்ல பாருங்க, அதெல்லாம் சரக்கு அடுக்கின குடோன், கவர்னர் இருந்தது மாடியில. 1845ல இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டாங்க, அப்புறம் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போயி இங்க துறைமுகம் படுத்துடுச்சு, வீதிங்க பழசு மாறாம நிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நெனைக்கிறேன்.

கடைசியா கரையோரமா மாசிலாமணி நாதர் கோயிலுக்கு வாங்க. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல, 1306 வாக்குல கட்டினது, அதாவது டேனிஷ்காரங்க வர்றதுக்கு முன்னூறு வருஷம் முன்னாடியே இங்க ஊரு இருந்திருக்கு, கல்வெட்டுல பேரு சடங்கன்பாடி. முன்பக்கத்தை கடல் அரிச்சு கொண்டு போயிடுச்சு, இப்ப பாறாங்கல்லை கொட்டி தடுத்து வச்சிருக்காங்க, அலை அந்தக் கல்லுல மோதி தெறிக்கிறதை கொஞ்ச நேரம் நின்னு பாருங்க.

நேரம் மிச்சம் இருந்தா பக்கத்துல பொறையாறு போங்க, அச்சடிக்க பேப்பர் தயாரிச்ச இடத்துக்கு கடுதாசிப்பட்டறைன்னு இன்னமும் பேரு இருக்கு.