புல் வெட்ட ஆள் பிடிக்கமுன்

கடந்த மே மாதம், கனடாவில் ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஏஜாக்ஸில் ஒரு வீட்டின் முன்வளவில் வேலை செய்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்கு இளம் குடும்பம் ஒன்று அந்தப் பனிக்காலத்துக்குள்தான் குடிவந்திருந்தது. அவர்களுக்கு அது முதல் வீடு. வாசலில் ஒரு பிக்கப் வந்து நின்றது. இறங்கிய ஆளிடம் வீட்டுக்காரத் தம்பி சொன்னது மதிலில்லாத அந்தத் தெருவில் தெளிவாகக் கேட்டது: "அண்ணை, நல்லா ஒட்ட வெட்டிவிடுங்கோ. அப்பதான் இரண்டு கிழமைக்குக் காணும்."

கையில் இருந்த, ஓரத்துப் புல் சீவும் ட்ரிம்மரை நிறுத்திவிட்டேன். 2007இல், ஸ்காபரோவில் என் முதல் வீட்டின் வாசலில் நின்று நான் சொன்னதும் இதேதான். கிட்டத்தட்டச் சொல்லுக்குச் சொல்.

அந்த வீட்டுப் புல் பட்டுப்போனதால்தான் புல்லைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். இன்று ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் புல் வெட்டிக்கொடுப்பதே என் தொழில். ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாக வீடு வாங்கிய எங்கட ஆட்கள் அன்று நான் விட்ட பிழைகளை ஒவ்வொன்றாக விடுவதைப் பார்க்கிறேன். மூன்று இடத்தில் விலை கேளுங்கள், கூகிளில் நட்சத்திரம் பாருங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். எழுதப்போவது அந்தப் பிழைகளைத்தான்.

ஒட்ட வெட்டித் தருபவரை விரும்புவது

இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஊரில் முற்றத்துப் புல்லைச் செருக்கி, மண் தெரியக் கூட்டி வைத்தால்தான் அது துப்புரவான வளவு. அந்தக் கண்ணோடு இங்கே வந்து புல்தரையைப் பார்க்கிறோம். ஒட்ட வெட்டிய புல் துப்புரவாகத் தெரிகிறது. உயரமாக விட்டுப் போகிறவர் அரைகுறையாக வேலை செய்ததுபோலத் தெரிகிறார். அதற்கு மேல் காசுக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ஒட்ட வெட்டினால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை போதும், பாதிக் காசு மிச்சம்.

ஒன்ராறியோவில் வீட்டுக்கு முன் இருப்பது பெரும்பாலும் கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ், ஃபெஸ்கியூ கலந்த புல். மூன்றும் குளிர்நாட்டுப் புற்கள். வெயில் ஏறினால் களைத்துவிடும். இலைதான் அவற்றுக்குச் சாப்பாடு செய்கிறது. ஒரு வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால், புல் வேரை வளர்ப்பதை நிறுத்திவிட்டு இருக்கிற சேமிப்பை எடுத்து இலை விடும். கிழமைக்குக் கிழமை இப்படியே செய்தால் வேர் மேலோடு நின்றுவிடும். ஜூலையில் மேல்மண் காய்ந்ததும் அந்த வேருக்கு எட்டுகிற ஆழத்தில் தண்ணீர் இருக்காது. ஸ்காபரோ பக்கம் பல தெருக்களில் களிமண். அது காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும்.

2007 கோடை ரொறன்ரோவுக்கு மிகவும் வறண்ட கோடை. நான் பிடித்த ஆள் ஒரு வெட்டுக்கு 20 டொலர் கேட்டார். மற்றவர்கள் கேட்டதைவிடக் குறைவு. மே, ஜூன் மாதங்களில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து, அரை அடிக்குக் கிட்ட வளர்ந்த புல்லை ஒன்றரை அங்குலத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் போவார். எனக்குச் சந்தோஷம். கம்பளம் மாதிரி இருக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னேன். ஜூலை நடுவில் தெருவோரம் மஞ்சளாகத் தொடங்கியது. ஆகஸ்டில் முன்வளவு முழுவதும் வைக்கோல் நிறம். மஞ்சளித்த புல்லுக்கு நடுவே பச்சையாகத் தெரிந்தது கிராப்கிராஸ் என்ற களை மட்டும். அதன் விதை முளைக்க வெளிச்சம் உதவும். உயரமான புல் மண்ணுக்கு நிழல் கொடுத்து அதை அடக்கிவைக்கும். நான் காசு கொடுத்து அந்த நிழலை எடுத்துவிட்டேன்.

அதோடும் முடியவில்லை. ஐரோப்பியன் சேஃபர் வண்டு, ஜப்பானிய வண்டு இரண்டும் கோடை நடுவில் முட்டையிடும்போது கட்டையான, ஐதான புல்லைத்தான் தேடும். செப்ரெம்பரில் அந்த முட்டையில் இருந்து வந்த வெள்ளைப் புழு வேரைத் தின்ன, அந்தப் புழுவைத் தின்ன ரக்கூனும் ஸ்கங்க்கும் இரவில் வந்து, மிஞ்சியிருந்த புல்லைப் பாய் சுருட்டுவதுபோலப் புரட்டிப் போட்டன. காலையில் வேலைக்குப் போகக் கதவைத் திறந்தபோது பார்த்த அந்தக் காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அடுத்த வருடம் மேல்மண்ணும் சுருள் புல்லும் இறக்கிப் போட 1,500 டொலர் முடிந்தது. கூலி இல்லை, நானும் தம்பியும் சேர்ந்தே விரித்தோம். ஒரு சீசனில் பன்னிரண்டு வெட்டுக் குறைத்து நான் மிச்சம் பிடித்தது 240 டொலர்.

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது அந்தப் பிழையை விட்டதற்காக மட்டும் இல்லை. வந்த ஆளுக்கு அது தெரியும். புல் வெட்டுகிற எவருக்கும் முதல் வருடத்திலேயே தெரிந்துவிடும். ஒட்ட வெட்டினால் ஒரே நாளில் இன்னும் நாலு வீடு பார்க்கலாம், அடுத்த கிழமை வரத் தேவையில்லை, வாடிக்கையாளரும் நன்றி சொல்வார். என்னுடைய அறியாமை அவருக்கு வசதியாக இருந்தது. இப்போது என்னிடம் ஒட்ட வெட்டச் சொல்பவர்களிடம் முடியாது என்று சொல்கிறேன். சிலர் வேறு ஆளைப் பிடித்துக்கொள்கிறார்கள். போகட்டும்.

ஆகவே ஆள் பிடிக்கும்போது விலைக்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: "எத்தனை அங்குலத்தில் வெட்டுவீர்கள்?" இரண்டரை முதல் மூன்றரை அங்குலம் என்று யோசிக்காமல் சொல்பவர் புல்லைத் தெரிந்தவர். "நீங்கள் சொல்கிறபடி" என்பவர் பணிவாகப் பேசுவதுபோல இருக்கும். வீட்டுக்காரருக்கே தெரியாததை வீட்டுக்காரரிடம் விடுகிற பதில் அது. மூன்று அங்குலத்தில் வைத்திருக்கும் புல்லை நாலரை அங்குலமாகும்போது வெட்ட வேண்டும். அப்போதுதான் மூன்றில் ஒரு பங்கு போகும். மே, ஜூனில் அந்த வளர்ச்சிக்கு ஏறத்தாழ ஒரு கிழமை போதும். அந்த இரண்டு மாதத்துக்கும் இரண்டு கிழமை இடைவெளி சரிவராது.

இரண்டாவது கேள்வி: "ஜூலையில் மழை இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?" வறட்சியில் புல் பழுப்பாகி உறங்கும். அந்த நேரம் மெசின் ஏறினால் உறங்குகிற புல்லின் குருத்து நசுங்கும். நல்ல ஆள் "வரமாட்டேன், அந்த வெட்டுக்குக் காசும் எடுக்கமாட்டேன்" என்பார். வெட்டப் புல்லே இல்லாத வளவில் தூசி கிளப்பிவிட்டு பில் வைத்துப் போகிறவர்களை ஒவ்வொரு ஆகஸ்டும் பார்க்கிறேன்.

ஒட்ட வெட்டாவிட்டால் நகரசபை தண்டம் அடிக்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள். ரொறன்ரோவில் புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் போனால்தான் பிழை. மூன்று அங்குலம் என்பது எட்டு சென்ரிமீற்றர்கூட இல்லை.

ஏப்ரலிலேயே சீசன் காசு முழுவதையும் கொடுப்பது

"முழுதாகக் கட்டினால் கழிவு" என்பார்கள். மார்க்கத்தில் என் வாடிக்கையாளரான ஒரு அக்கா, என்னிடம் வருமுன் அப்படி 900 டொலர் கட்டியிருந்தார். வந்தவர் ஜூன் கடைசி வரை வந்தார். பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. வாய்ப்பேச்சில் நடந்த விஷயம், அக்காவிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

மாத முடிவில் வெட்டின வெட்டுக்குக் காசு. அதுதான் ஒழுங்கு. எத்தனை வெட்டு, என்ன உயரம், பின்வளவு சேர்ந்ததா, நடைபாதை ஓரம் சீவுவது சேர்ந்ததா, வறட்சியில் என்ன என்பதை ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள். மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டு, நீங்கள் சம்மதிக்காமல் அதற்கு மேல் 10 வீதத்தைத் தாண்டி வாங்க ஒன்ராறியோச் சட்டம் விடாது. வீட்டு வாசலுக்கு வந்து 50 டொலருக்கு மேல் எழுதிய ஒப்பந்தத்தை, அதன் பிரதி கையில் கிடைத்த 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். இதை அறியாமல் எத்தனையோ பேர் "கையெழுத்துப் போட்டுட்டம், இனி என்ன செய்யிறது" என்று இருந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. பில்லில் 13 வீதம் எச்.எஸ்.ரி என்ற விற்பனை வரி போட்டால் அதற்கான பதிவு இலக்கமும் பில்லில் இருக்க வேண்டும். அந்த இலக்கத்தைக் கனடா வருமானத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். வருடத்தில் 30,000 டொலருக்குக் கீழ் உழைக்கும் சின்ன ஆட்கள் பதியத் தேவையில்லை. பதியாதவர் வரி வாங்கவும் முடியாது.

காப்புறுதியைக் கேட்கக் கூச்சப்படுவது

மோவரின் பிளேட் சுற்றும் வேகத்தில் ஒரு சின்னக் கல்லும் குண்டு மாதிரிப் பறக்கும். ஒருமுறை என் மெசினில் இருந்தே பறந்த கல் பக்கத்து வீட்டுக் காரின் பின்கண்ணாடியை உடைத்தது. அரை மணி நேரத்தில் என் காப்புறுதிக்காரருக்கு அழைத்தேன், வேலை முடிந்தது. அந்தக் காப்புறுதி இல்லையென்றால் கண்ணாடிச் சண்டை இரண்டு அயல்வீடுகளுக்கு நடுவில் நடந்திருக்கும். எனக்கு இருப்பது 2 மில்லியன் டொலருக்கான பொறுப்புக் காப்புறுதி. கேட்டால் சான்றிதழை அன்றைக்கே அனுப்புவேன். கேட்டதற்காக முகம் சுளிக்கிற ஆளைப் பிடிக்காதீர்கள்.

வேலையாள் வைத்திருப்பவரானால் டபிள்யூ.எஸ்.ஐ.பி (வேலையில் காயப்படுபவர்களுக்கான ஒன்ராறியோக் காப்புறுதிச் சபை) கிளியரன்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் வளவில் ஒரு பொடியனின் கால்விரல் போனால் அவனுக்கு ஒரு வழி வேண்டும்.

சொந்தக்காரப் பொடியன்

வேலையைக் கொடுக்கலாம். படிக்கிற பிள்ளை உழைக்கட்டும். எழுதி வாங்குவதையும் உயரத்தையும் அவனிடமும் கேளுங்கள். மாமாவின் மகன் என்று பிழையைச் சொல்லாமல் விட்டு, ஓகஸ்டில் என்னிடம் வந்து அவனைப் பற்றிக் குறை சொல்வதால் அவனுக்கும் பயன் இல்லை, புல்லுக்கும் பயன் இல்லை.

"மருந்தும் அடிச்சுத் தாறன்"

2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோவில் அழகுக்காகப் புல்தரைக்குக் களைகொல்லி அடிப்பது தடை. 2,4-டி போன்ற பழைய மருந்துகள் எல்லாம் அதற்குள் அடங்கும். இரும்புச் சத்தை அடிப்படையாகக் கொண்ட சில தெளிப்புகளுக்கு அனுமதி உண்டு. டான்டிலயன் களை ஒரே நாளில் சுருண்டுவிடும் என்று பெயரில்லாப் போத்தலோடு வருபவரை வளவுக்குள் விடாதீர்கள். குழந்தைகள் தவழ்கிற புல் அது.

மொட்டைப் பிளேட்

வெட்டி மறுநாள் புல்லின் நுனியைக் குனிந்து பாருங்கள். நுனி நேராக இருந்தால் சரி. கிழிந்து நார்நாராக வெளுத்திருந்தால் பிளேட் தீட்டி நாளாகிவிட்டது.

மழை ஈரத்தில் வெட்ட வற்புறுத்துவது

வேண்டாம்.

மரத்தடியில் ட்ரிம்மர்

இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நடைபாதைக்கும் தெருவுக்கும் நடுவில் நகரசபை நட்ட இளம் மேப்பிள் மரங்கள் நிற்கும். அங்கே புல்லை வெட்டுவது வீட்டுக்காரரின் பொறுப்பு, மரம் நகரத்தின் சொத்து. அவசரத்தில் ட்ரிம்மரின் நைலோன் கயிறு அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி அடிக்கும். மேல்தோலுக்குக் கீழேதான் இலை செய்த சாப்பாடு வேருக்கு இறங்குகிறது. தோல் வட்டமாக உரிந்துவிட்டால் அது அறுந்து, இரண்டு மூன்று வருடத்தில் மரம் பட்டுப்போகும். ஒருவரைப் பிடிக்குமுன் அவர் வழக்கமாக வெட்டும் ஒரு வீட்டு முகவரியைக் கேட்டு வாங்கி, போய் மரத்தடியைப் பாருங்கள். புல்லைப் பார்ப்பதைவிட அதில் அவருடைய கைப்பழக்கம் தெரியும். அடிமரத்தைச் சுற்றி மரத்தூள் போட்டு வைத்தால் அந்தக் கயிறு அங்கே போகவே தேவையில்லை.

வெட்டின புல்லை அள்ளிக்கொண்டு போகச் சொல்வது

அதற்கு மேலதிகமாகக் காசும் கொடுக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெட்டினால் துணுக்குகள் அடியில் விழுந்து சில நாளில் மக்கிவிடும். அதிலிருக்கும் நைதரசன் இலவசப் பசளை. ரொறன்ரோ நகரம் வெட்டிய புல்லைக் குப்பையோடு எடுப்பதும் இல்லை.

மே மாதத்தில் தேடத் தொடங்குவது

நல்ல ஆட்களின் பட்டியல் ஏப்ரல் நடுவில் நிரம்பிவிடும். பிறகு மிஞ்சுவது கதவைத் தட்டுபவர்கள்தான். பனி கரையத் தொடங்கும் மார்ச் கடைசியில் அழையுங்கள். முதல் வெட்டு பெரும்பாலும் மே முதல் கிழமையில்தான் வரும், அதற்குள் இரண்டு மூன்று பேரைச் சந்தித்துக் கதைக்க நேரம் இருக்கும்.

ஏஜாக்ஸ் தம்பியிடம் அன்றே போய்க் கதைத்தேன். வேலையை எனக்குத் தரும்படி கேட்கவில்லை. என் வான் வண்டியில் கிடந்த அடிமட்டத்தை எடுத்து அவருடைய புல்லுக்குள் குத்தி, மூன்று அங்குலம் எது என்று காட்டினேன். பிக்கப்காரர் நெம்புகோலைத் தூக்கி மெசினை இரண்டு படி உயர்த்திவிட்டு வெட்டத் தொடங்கினார். அந்தப் புல் ஆகஸ்டிலும் அடியில் பச்சை விட்டிருந்தது.