அந்தோனியாரின் நாக்கும் அம்மம்மாவின் பித்தளைக் கூடும்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிற வழியில் கொழும்பில் ஒரு நாள் நிற்பவர்கள் பெரும்பாலும் கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோவிலுக்கு ஒரு நடை போய்த்தான் வருவார்கள், சைவக்காரர் உட்பட. ஒன்று கவனம். நீர்கொழும்புக்கு வடக்கே இன்னொரு கொச்சிக்கடை இருக்கிறது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிய நித்திரைத் தூக்கத்தில் நான் வெறும் “கொச்சிக்கடை” என்று சொல்லி வாகனம் ஏறி, நேரெதிர்த் திசையில் போய், இரண்டு மடங்கு காசு கொடுத்துத் திரும்பி வந்தேன். “கொட்டாஞ்சேனை, கொழும்பு 13” என்று சொல்லுங்கள்.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதலுக்குப் பிறகு பைகளைச் சோதிக்கிறார்கள், அதனால் சூட்கேசை இழுத்துக்கொண்டு நேராகப் போகாதீர்கள். செவ்வாய்க்கிழமையும் ஜூன் 13 திருநாளும் சனம் நெரியும். நேர்த்தி வைத்தவர்களுக்கு அது சரி, ஆறுதலாகப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு நாள் போகலாம்.

பார்க்க என்ன இருக்கிறது என்றால், சொரூபத்தோடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்னப் பேழை. பலர் சொரூபத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அதைக் கவனிக்காமலே வந்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது அந்தோனியாரின் நாக்கின் மிகச் சிறிய துண்டு. அவர் பேர்பெற்ற பிரசங்கியார், 1231இல் இத்தாலியின் பதுவாவில் இறந்தார். 1263இல் கல்லறையைத் திறந்தபோது உடல் மண்ணாகியிருக்க நாக்கு மட்டும் அழியாமல் கிடந்ததாம், அவருடைய சபையின் அப்போதைய தலைவர் புனித பொனவெந்தூர் அதைக் கையில் எடுத்து வணங்கினார் என்பது மரபு. அந்த நாக்கு இன்றும் பதுவா பேராலயத்தில்தான் இருக்கிறது. வணக்கம் சதைத் துண்டுக்கல்ல, அந்த வாயால் பேசிய மனிதருக்கும் அவரைப் பேசவைத்த கடவுளுக்கும் என்று சுவாமிமார் விளக்குவார்கள். ஆனால் கண்ணாடியில் நெற்றியை முட்டி அழுகிற ஒரு தாயிடம் போய் அந்த விளக்கத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது.

அப்புறம், ஊர் வீட்டில் இருக்கும் பழைய திருப்பண்டங்கள், அதாவது புனிதர்களின் உடலிலோ உடுப்பிலோ இருந்து எடுத்த துணுக்குகள். எங்கள் அம்மம்மாவின் படத்தட்டில் ஒரு பித்தளைக் கூடு இருந்தது, பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, முன்னால் கண்ணாடி, உள்ளே மங்கிய சிவப்புப் பட்டில் உமிபோல ஒரு துணுக்கு, அதன் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு லத்தீன் வரி. “எக்ஸ் ஒசிபுஸ்” என்றிருந்தால் எலும்பு, “எக்ஸ் இந்துமெந்திஸ்” என்றால் உடுப்பு. கூட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்மூடிக்குள் சிவப்பு நூல் குறுக்காகக் கட்டி, அதன்மேல் அரக்கு முத்திரை குத்தியிருக்கும். அந்த நூல் அறுந்தால் உள்ளே இருப்பது யாருடையது என்று பிறகு ஒருவரும் உறுதி சொல்லமாட்டார்கள். ஆகவே திறக்காதீர்கள், புளி போட்டுத் துலக்கவும் வேண்டாம். இதோடு அது யாருடையது என்று உறுதிசொல்லும், ஆயரின் முத்திரை வைத்த ஒரு பத்திரமும் வந்திருக்கும், பழைய பெட்டிகளைக் கிளறிப் பாருங்கள்.

விற்கலாமா? கூடாது. திருச்சபைச் சட்டம் 1190 திருப்பண்டங்களை விற்பதை முற்றாகத் தடைசெய்கிறது. பழம்பொருள் கடையிலோ இணையத்திலோ வாங்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை, ஏமாற்று அதிகம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாமா? பழமையான பொருளென்றால் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவைப்படும், இதற்கென்றே 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் இருக்கிறது. “சின்னச் சாமான்தானே, கைப்பைக்குள் வை” என்று யாராவது ஒரு சித்தப்பா சொல்வார். விமான நிலையத்தில் மறித்தால் சித்தப்பா வரமாட்டார். வீட்டில் பார்க்க ஆளில்லை என்றால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள், ஆயர் இல்லத்தில் ஒப்படைக்க அவர் வழி சொல்வார்.

நான் கூட்டைச் சின்னம்மாவிடமே விட்டுவிட்டு, முத்திரையை மட்டும் போனில் கிட்டப் பிடித்துப் படம் எடுத்து வந்தேன். பத்திரத்தை இன்னும் தேடுகிறார்கள். இதுவரை பெட்டியின் அடியிலிருந்து கிடைத்தவை தாத்தாவின் புகையிலைக் கணக்குக் கொப்பிகள்.