வெஸ்னொத்தில் நாங்கள் விட்ட பிழைகள்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் பெரும்போக அறுவடை முடிந்தால் விறாந்தையில் முந்நூற்றிநாலு சீட்டாட்டம் தொடங்கிவிடும். கொஞ்சக் காலமாக அதே விறாந்தையில் ஒரு பழைய லப்டொப்பும் இருக்கிறது. அதில் ஆடுவது 'பேட்டில் ஃபோர் வெஸ்னொத்'. 2003இல் டேவிட் வைட் தொடங்கிய விளையாட்டு, காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அறுகோணக் கட்டங்களில் ஒருவர் தன் ஆட்களை நகர்த்தி முடித்த பிறகுதான் மற்றவர் முறை வரும். தனியாக ஆடலாம், ஒரே மெஷினில் மாறி மாறி ஆடலாம், வைஃபையிலோ இணையத்திலோ சேர்ந்தும் ஆடலாம். ஒன்றில் பழகியதை அப்படியே மற்றதற்குக் கொண்டுபோனதால்தான் நாங்கள் பெரும்பாலும் தோற்றோம்.

முதல் பிழை, தனியாக ஆடும்போது ரீலோட் பண்ணிக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு முறையும் ஆட்டம் தானாகவே சேவ் ஆகும். நல்ல வசதிதான். ஆனால் ஓர் ஆள் செத்தவுடன் பழைய சேவ் ஒன்றைத் திறந்து திரும்ப அடித்தால், அந்த ஆளை அந்த இடத்தில் நிறுத்தியதே பிழை என்பது கடைசிவரை தெரியாது. நான் அப்படித்தான் ஒரு கதைத்தொடர் முழுவதையும் 'வென்று' முடித்தேன். பிறகு மச்சானோடு ஆடியபோது ஆட்டத்தின் ஆறாவது முறையிலேயே என் தலைவன் போய்விட்டான். தலைவன் போனால் ஆட்டம் முடிந்தது.

இன்னொன்று, கணினி எதிரி பெரும்பாலும் நேரம் காலம் பார்க்காமல் பாய்ந்து வரும். காத்திருந்து அடித்தால் போதும். மனிதர் அப்படி வரமாட்டார்கள். தங்களுக்குச் சரிவராத நேரத்தில் பின்வாங்குவார்கள்.

அந்த நேரக் கணக்கைத்தான் புதியவர்கள் கவனிப்பதேயில்லை. இதை வன்னியில் விளக்குவது சுலபம். பகலில் வயல் எங்களுடையது, இரவில் யானையுடையது. வெஸ்னொத்திலும் ஆட்டத்துக்குள் பகலும் இரவும் மாறி மாறி வரும், ஒரு நாளுக்கு ஆறு முறைகள். மனிதப் படையில் பல ஆட்களுக்குப் பகலில் 25 சதவீதம் பலம் கூடும், இரவில் அதேயளவு குறையும். ஓர்க்குகள் என்ற அரக்கர்களுக்கும் பிணப்படைக்கும் இது தலைகீழ். ஈட்டிக்காரனை எடுங்கள்: ஒரு குத்துக்கு 7 வீதம் மூன்று குத்து. பகலில் அது 9 ஆகும், இரவில் 5. மூன்றும் பட்டால் பகலில் 27, இரவில் வெறும் 15. ஆள் அதேதான், அவனை எடுக்கச் செலவழித்த பொன்னும் அதேதான். "இன்னும் ஒரு அடி அடிச்சுப் பாப்பம்" என்று அந்தி சாயும் நேரத்தில் என் தம்பி முன்னேறாத நாளில்லை. விடியும்போது அவனிடம் பாதிப் படைதான் மிஞ்சும்.

நிலமும் அப்படித்தான். ஈட்டிக்காரன் ஆழமில்லாத தண்ணீரில் நின்றால் அவன்மேல் ஓர் அடி பட 80 சதவீத வாய்ப்பு. கரையில் ஊருக்குள் அவனைப் போலவே ஒருவன் நின்றால், அவன்மேல் பட 40 தான். குளத்துக்குள் இறங்கி நின்று கரையில் நிற்பவனோடு சண்டைக்குப் போவது போல. அந்த 40 சதவீதத்தில் மூன்று குத்தும் பட வாய்ப்பு நூற்றுக்கு ஆறுதான். அதை நம்பித் திட்டம் போட்டுவிட்டு, பிறகு "கேம் கள்ளம் செய்யுது" என்று கத்துவதில் பயனில்லை. அடிபட்டவனை ஊருக்குள் விட்டால் ஒரு முறைக்கு 8 உயிர்ப்புள்ளி ஏறும். பின்னுக்கு இழுப்பதை வெட்கமாக நினைக்க வேண்டாம்.

கொலைகளை எல்லாம் தலைவனுக்கே கொடுப்பதும் தனியாட்டத்தில் வரும் பழக்கம். முதல் மட்ட எதிரியைக் கொன்றால் 8 அனுபவப் புள்ளி, சும்மா மோதினால் 1. புள்ளி சேரச் சேர ஆள் அடுத்த மட்டத்துக்கு ஏறுவான். கடைசி அடியைச் சின்ன ஆட்களுக்கு விடுங்கள். கதைத்தொடரின் அடுத்த கட்டத்தில் அவர்களைத்தான் திரும்ப அழைக்கப் போகிறீர்கள்.

ஒரே லப்டொப்பில் ஆடும்போது எதிரியின் ஆட்களை மறைக்கும் மூடுபனியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்ப்பது முந்நூற்றிநாலில் கவிழ்த்து வைத்த துரும்பைப் புரட்டிப் பார்ப்பது போல. முறை முடிந்தவர் எழும்பித் தேத்தண்ணி போடப் போகலாம். ஆட்களும் இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஒருவர் யோசிக்க மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

போன் ஹொட்ஸ்பொட்டில் இரண்டு மெஷின்களை இணைத்து ஆடினால் டேற்றா போகாது. ஒன்று ஆட்டத்தை நடத்தும், மற்றது அதன் ஐபி முகவரியை அடித்துச் சேரும். புதுக்குடியிருப்பிலிருந்து மச்சான் தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று ஒரு மணித்தியாலம் இதிலேயே போனது. அவனிடம் வெஸ்னொத்தின் 1.16 பதிப்பு, என்னிடம் 1.18. இரண்டும் ஒன்றோடொன்று சேராது. வருமுன்னமே கேட்டு வையுங்கள். பதிப்பு சரியாக இருந்தும் இணையாவிட்டால் மெஷினின் ஃபயர்வோல் இணைப்பை மறிக்கிறதா என்று பாருங்கள்.

இணையத்தில் முன்பின் தெரியாதவரோடு ஆடுவதென்றால் சின்ன வரைபடமாக எடுங்கள். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோற்கத் தொடங்கியவுடன் சொல்லாமல் ஓடுவது கூடாது.

கரண்ட் போனாலோ வயலுக்குக் கூப்பிட்டாலோ சேர்ந்தாடும் ஆட்டத்தையும் சேவ் பண்ணி வைத்துப் பிறகு தொடரலாம் என்பது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. என் மெஷினில் மச்சானோடு ஆடிய ஆட்டம் ஒன்று 16ஆம் முறையில் அப்படியே கிடக்கிறது. அடுத்தது இரவு, அவனிடம் ஓர்க்குகள். அவன் நாளுக்கு இரண்டு தரம் போன் எடுக்கிறான். எனக்குத்தான் இன்னும் நேரம் கிடைக்கவில்லை.